கிகாலியில் கிடைத்த இன்னொரு மகள்

என் மகள் கோமதிக்கு ஏற்கெனவே இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது முறை ஏழு மாதம் தாண்டியதும் பிபி ஏறி, விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் இருப்பதோ ஆப்பிரிக்காவில், ருவாண்டாவில். மாப்பிள்ளைக்கு அங்கே வாத்தியார் வேலை. போன ஆனி மாதம், "அம்மா, நீ வந்தாதான் எனக்குத் தைரியம்" என்று போனில் அழுதாள்.

நான் எங்கள் ஊர் வேங்கிக்காலிலிருந்து சென்னைக்குக்கூடத் தனியாகப் போனதில்லை. அந்த நாட்டின் பெயரைக் கேட்டாலே பயம். ஒரு காலத்தில் அங்கே லட்சக்கணக்கான பேரை வெட்டிக் கொன்றார்கள். "அதெல்லாம் முடிஞ்சு எவ்ளோ வருஷமாச்சு, இப்ப நல்லாருக்கும்மா" என்று மகள் சொல்வது என் மண்டையில் ஏறவில்லை. என் வீட்டுக்காரர் வேறு, "பக்கத்துல இருக்கிற கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்கே நாலு பேரைக் கேப்ப. நீ ஆப்பிரிக்கா போறியா?" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது நிஜம்தானே!

அந்தப் பௌர்ணமிக்குக் கிரிவலம் போனேன். வழியில் அடி அண்ணாமலைக் கோயிலில் சாமி முன்னால் வாய்விட்டு அழுதேன். "அப்பா, என்னைப் பொண்ணுகிட்ட சேத்துடு." அவ்வளவுதான் கேட்டேன். மறுநாளே டிக்கெட் போடச் சொன்னேன்.

அந்த நாட்டுத் தலைநகரம் கிகாலியில் இறங்கியதும் வந்தது சோதனை. நம் வழக்கம்தான் தெரியுமே! பிரசவ லேகியம், சுக்குப்பொடி, விபூதி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதற்கு மேல் இன்னொரு கவர் போட்டுக் கட்டியிருந்தேன். அந்த நாட்டில் பிளாஸ்டிக் கவருக்கே தடை. கோமதி சொல்லித்தான் இருந்தாள், நான்தான் காதில் வாங்கவில்லை. சீருடை போட்ட ஒரு பெண் அதிகாரி பையைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். எனக்கு அழுகை முட்டியது. மாப்பிள்ளை நம்பர் எழுதிய சீட்டை நீட்டினேன். அவரே போன் போட்டுப் பேசிவிட்டு என் கையில் கொடுத்தார்.

"அத்தை, கோமதிக்கு வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரில இருக்கோம். இவளை விட்டுட்டு என்னால வர முடியல அத்தை."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "அண்ணாமலையாரே, இவ்ளோ தூரம் இட்டுனு வந்து கைவிட்டுட்டியே!" என்று சண்டையே போட்டேன்.

அந்தப் பெண் எதையும் தூக்கிப் போடவில்லை. காகிதப் பைகள் கொண்டுவந்து எல்லாவற்றையும் சிந்தாமல் மாற்றிக் கட்டினார். அவருக்கு வேலை முடிகிற நேரமாம், பிறகு மாப்பிள்ளை சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக என் கையைப் பிடித்துத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தேன். தெருவெல்லாம் அவ்வளவு சுத்தம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நடந்து போனார்கள்.

கோமதியை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும் முன் அவள் கையைப் பிடித்துவிட்டேன். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். அதுவரை அந்த அதிகாரியும் போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பெயர் கிளாரிஸ். ஏன் இவ்வளவு செய்தார் என்று மாப்பிள்ளையைக் கேட்கச் சொன்னேன்.

மாப்பிள்ளை கேட்டுவிட்டுத் தயங்கித்தான் சொன்னார். "இவங்க சின்னக் கொழந்தையா இருந்தப்பவே அந்தக் கலவரத்துல இவங்க அம்மாவைக் கொன்னுட்டாங்களாம். இவங்க பிரசவத்துக்கு வர அம்மா இல்லியாம் அத்தை."

இந்த ஜனங்களை நினைத்துத்தானே இத்தனை நாள் பயந்தேன்! அவர்கள் பறிகொடுத்ததை ஒரு நாளாவது நினைத்தேனா? வெட்கமாக இருந்தது. இரண்டு கையாலும் அவர் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தேன். அவருக்கு என்ன புரிந்ததோ, என் தோளில் சாய்ந்துகொண்டார்.

மூன்று மாதம் இருந்தேன். தனியாகவே மார்க்கெட் போய் வந்தேன் என்றால் என் வீட்டுக்காரர் இன்னும் நம்புவதில்லை. பயந்துகொண்டு நிற்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பயம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். அண்ணாமலையாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். போகிற இடத்திலும் அவர் இருக்கிறார்.

இப்போது பௌர்ணமிதோறும் கிளாரிஸ் பெயருக்கும் அர்ச்சனை செய்கிறேன். நட்சத்திரம் என்ன என்று குருக்கள் கேட்பார்.

"அது தெரியாது சாமி. என் பொண்ணுதான், பண்ணுங்க" என்பேன்.