மூன்றாம் ரவுண்டில் கட்டிப்பிடித்தது

வியாழக்கிழமை மத்தியானம் போன் அடித்தபோது நான் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரின் கடைத்தெருவில் லொறியிலிருந்து அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். பேசியவர் மட்ச்மேக்கர். குத்துச்சண்டையில் யாரை யாரோடு மோதவிடுவது என்று தீர்மானிக்கிற வெள்ளைக்காரர். நல்ல மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். ஞாயிறு பின்னேரம் நாலு ரவுண்ட் சண்டை ஒன்று இருக்கிறது, வரவேண்டியவன் காய்ச்சலென்று விலகிவிட்டான், உன் எடை சரியாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். எதிரில் நிற்கப்போவது யாரென்று சொன்னார். மூட்டையைக் கீழே வைத்துவிட்டேன்.

மூன்று வருடமாக நான் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தவன் அவன்.

இருவரும் ஒரே ஜிம், இருவரும் தமிழர். அத்தோடு பொருத்தம் முடிந்தது. அவன் இங்கே பிறந்தவன், இருபத்திரண்டு வயது. தகப்பனுக்கு இரண்டு கடை. தாய்க்குக் கோயில், பழைய மாணவர் சங்கம், தெற்கு லண்டன் நோர்பரி வரைக்கும் நீளுகிற சொந்தபந்தம். நானோ பத்தொன்பது வயதில் ஒரு பையோடு பிரான்சிலிருந்து வந்தவன். சின்ன மண்டபங்களில் டிக்கெட்டை விற்பது சண்டையை ஒழுங்குசெய்கிற புரமோட்டர் இல்லை, சண்டை பிடிக்கிறவன்தான். என் முதல் சண்டைக்கு நான் விற்றது ஒன்பது டிக்கெட். அதில் நாலை நானே வாங்கினேன். இரண்டு சண்டை வென்றேன். பிறகு புரமோட்டர் என் தோளில் கை போட்டு, நீ நன்றாக அடிக்கிறாய், ஆனால் உன்னைப் பார்க்க யார் வருகிறார்கள் என்று கேட்டார். அன்றோடு நான் எதிர் மூலைக்குப் போனேன்.

எதிர் மூலை என்றால் என்ன என்று சொல்லவேண்டும். ரிங்கில் ஒரு மூலை டிக்கெட் விற்றவனுக்கு, மற்றது அவனை வளர்த்துவிட வந்தவனுக்கு. தோற்றுக் கொடு என்று ஒருவரும் எங்களிடம் சொல்வதில்லை. அதைச் சொல்லவேண்டிய தேவையும் இல்லை. வளர்கிற பையனை விழுத்திவிட்டால் அடுத்த மாதம் நம் போன் அடிக்காது, அவ்வளவுதான். நாமும் விழக்கூடாது. விழுந்தால் டாக்டர் பல வாரத்துக்கு ரிங் பக்கமே விடமாட்டார். ஆகவே நாலு ரவுண்டும் நின்று, பையனுக்கு வேலை கொடுத்து, புள்ளியில் தோற்று, அடுத்த கிழமை இன்னொரு ஊரில் இன்னொரு பையன். தவறி நம்முடைய அடி பலமாகப் பட்டு பையனுக்குக் கால் தள்ளாடினால், உடனே கட்டிப்பிடித்து, ரெபரிக்கு அவன் முகம் தெரியாதபடி திருப்பி, மூச்சு வரும்வரை வைத்திருப்போம். இப்படி எத்தனை பேரைத் தாங்கியிருக்கிறேன் என்று எனக்கே நினைவில்லை.

அவனைப் புரமோட்டரும் மட்ச்மேக்கரும் வளர்த்த அழகைப் பார்க்கவேண்டும். முதலில் நிற்க மட்டும் தெரிந்தவன். பிறகு ஓட மட்டும் தெரிந்தவன். பிறகு பெயர் மட்டும் மிஞ்சியிருந்த ஒரு கிழட்டுச் சாம்பியன். பிள்ளைக்கு மீனில் முள் எடுத்து ஊட்டுவதுபோல் பார்த்துப் பார்த்து ஊட்டினார்கள். ஏழு சண்டை, ஏழும் வெற்றி. தவில் முழங்க அவன் ரிங்குக்கு வருவான், அன்ரிமார் கதிரையில் ஏறி நின்று கத்துவார்கள். எனக்கு வயிறு எரியும். அவன் கெட்டவனாக இருந்திருந்தாலாவது கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அண்ணை, அண்ணை என்று என் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவான். அதற்கும் எரியும்.

ஜிம்மில் அவனை வைத்த கண் வாங்காமல் பார்த்ததில் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். இடது கையால் குத்திவிட்டு அதை இழுக்கும்போது அவனுடைய வலது கை கன்னத்தைவிட்டு நெஞ்சுக்கு இறங்கும். ஒரு கணம்தான். பயிற்சியாளர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவனோடு மோத வந்தவர்களுக்கு அதைப் பார்க்கிற வேலை இல்லை. நான் பார்த்தேன், ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்த வியாழக்கிழமை அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்று ஒரு முடிவு எடுத்தேன். இனிமேல் போன் அடிக்காவிட்டாலும் பரவாயில்லை. இந்த ஒரு சண்டையை நான் வெல்லப்போகிறேன்.

ஞாயிறு, மண்டபத்துக்கு வெளியே கார் நிறுத்தும் இடத்தில் அவனுடைய தாயைக் கண்டேன். வாசலில் தேங்காய் உடைக்கக் காவலாளி விடவில்லையாம், அவர்களுடைய கார்ச் சில்லுக்குப் பக்கத்தில் உடைத்துச் சிதறலைப் பொறுக்கிக்கொண்டிருந்தா. என் நெற்றியிலும் திருநீறு பூசிவிட்டா. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா:

“தம்பி, உமக்குத் தெரியாததே. பிள்ளையை ஒருக்காப் பாத்துக்கொள்ளும்.”

தலையாட்டினேன். முப்பத்தொரு வயதில், எனக்காக ஒருவரிடமும் யாரும் இப்படிக் கேட்டதில்லையே என்று நினைத்தேன். அடுத்த நிமிடம் அது கோபமாக மாறிவிட்டது. கோபத்தோடேயே உள்ளே போனேன்.

முதல் இரண்டு ரவுண்டும் வழக்கம்போல் விட்டுக்கொடுத்தேன். அவன் சுறுசுறுப்பாக அடித்தான், மண்டபம் குதூகலித்தது. மூன்றாவதில் காத்திருந்தேன். அவன் இடது கையை நீட்டினான், இழுத்தான், வலது கை இறங்கியது. என் இடது கை வளைந்து போய் அவன் தாடையில் விழுந்தது. இவ்வளவு நல்ல அடியை நான் அதற்கு முன்னும் அடித்ததில்லை, பின்னும் அடித்ததில்லை. அவன் கண் மேலே போனது. முழங்கால் இரண்டும் மடிந்தன. இன்னொரு அடி, சின்னதாக ஒன்று போதும்.

அந்த அடியை நான் அடிக்கவில்லை. என் இரண்டு கைகளும் என்னைக் கேட்காமலே அவனைச் சுற்றி வளைத்தன. அவன் முகத்தை என் தோளில் புதைத்து, முதுகை ரெபரி பக்கம் திருப்பி, மெல்ல மெல்லக் கயிறுவரை நடத்திக்கொண்டு போனேன். மூச்சை விடு, மூச்சை விடு என்று காதுக்குள் சொன்னதும் நான்தான். இதை இரக்கம் என்று யாரும் எடுத்துவிடக்கூடாது. அந்த நேரம் என் மனசில் இரக்கம் மருந்துக்கும் இல்லை. ஒன்பது வருடமாகக் கைகளுக்குப் பழக்கிவைத்த வேலை, அதை அவை செய்துவிட்டன. ரெபரி பிரித்துவிடும்போது அவனுக்குக் கால் திரும்பியிருந்தது. மணி அடித்தது. நாலாம் ரவுண்ட் முடிந்து ரெபரி அவன் கையைத் தூக்கினார், ஒரு புள்ளி வித்தியாசம்.

எதிர் மூலைக்காரருக்கான அறையில் கையில் சுற்றிய துணியை வெட்டிக்கொண்டிருந்தபோது அவனே தேடி வந்தான். தாய் கொடுத்துவிட்ட வடைப் பார்சல் கையில். பக்கத்தில் உட்கார்ந்து, உண்மையான அக்கறையோடு கேட்டான்:

“அண்ணை, தேர்ட் ரவுண்ட் நல்லாக் களைச்சுப் போனீங்கள் என்ன? என்னை விடவேயில்லை.”

அவன் பகிடி விடவில்லை. அந்த அடி அவன் நினைவிலேயே இல்லை. யாரோ எடுத்த வீடியோவையும் காட்டினான். அதிலும் முதுகுகள்தான் தெரிந்தன. அவனை நான் மறைத்த மறைப்பு அப்படி.

“ஓம்,” என்றேன். “களைச்சுத்தான் போனன்.”

வடையைத் தின்றேன். நல்ல வடை. திங்கட்கிழமை மட்ச்மேக்கர் போன் எடுத்து நன்றாகச் செய்தாய் என்றார், வேறு இரண்டு ஊரில் வேலையும் தந்தார். போனை வைத்துவிட்டு மறுபடி மூட்டை தூக்கப் போனேன்.

ஒரு வருடம் போனது. அவன் வென்றுகொண்டே போனான், நான் எரிந்துகொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு பட்டத்துக்கான சண்டை வந்தது. பட்டம் என்று வந்துவிட்டால் முள் எடுத்த மீன் கிடையாது. எதிராளி இங்கிலாந்தின் வடக்கிலிருந்து வருகிறவன், அவனுக்கும் சொந்த டிக்கெட், சொந்தக் கூட்டம், சொந்த ஆசை. சண்டைக்கு முந்திய கிழமை எங்கள் பையன் ஜிம்மில் என்னிடம் வந்து கேட்டான்:

“அண்ணை, என்னட்டை ஏதும் பிழை பாத்தியளோ? சொல்லுங்கோ.”

வலது கை அப்போதும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. சொல்ல ஒரு வசனம் போதும். அவனிடம் எல்லாம் இருந்தது. என்னிடம் மட்டும் இருந்தது அது ஒன்றுதான்.

“எல்லாம் நல்லா இருக்கு,” என்றேன்.

டிக்கெட்டை அவனே தந்தான், காசு வாங்கவில்லை. தாய்க்குப் பக்கத்துக் கதிரை. நாலாம் ரவுண்டில் அவன் இடது கையை நீட்டினான், இழுத்தான். வடக்கத்தியான் என்னைப்போலவே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். அடி அதே இடத்தில் விழுந்தது. பொய் சொல்லமாட்டேன், முதல் மூன்று விநாடி எனக்குச் சந்தோசமாக இருந்தது. பிறகு பார்த்தால், அடி பட்டால் என்ன செய்யவேண்டும் என்றே தெரியாமல் அவன் கையைத் தொங்கவிட்டு நின்றான். எதிரியைக் கட்டிப்பிடிக்கலாம் என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. அதை அவனுக்காக எப்போதும் எதிர் மூலைக்காரன்தான் செய்திருந்தான். இரண்டாவது அடி வந்தது. கதிரையில் இருந்தபடியே என் இரண்டு கைகளும் முன்னால் எழும்பி வெறும் காற்றை வளைத்தன.

உயிருக்கு ஒன்றும் இல்லை, தாடை எலும்பில்தான் வெடிப்பு என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரி நடையில் தாய் அவனுடைய சண்டைச் சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. அழுகை ஓய்ந்திருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டா.

“தம்பி, உம்மோட சண்டை எண்டால் என்ரை பிள்ளைக்கு இப்பிடி வந்திராது.”

“ஓம் அன்ரி,” என்றேன்.