ஒருவழி வைஃபை

இணைப்பு அறுந்தால் முதலில் சேவையை மீட்க வேண்டும். காரணத்தை அப்புறம் தேடலாம். தொலைபேசித் துறையில் எங்களுக்கு இருந்த முதல் விதி இது. பயிற்சிக்கு வந்தவர்களிடம் இதை மனப்பாடமாக ஒப்பிக்க வைத்தவன் நான். அதற்கும் கீழே இன்னொரு விதி உண்டு: புகார் கொடுத்தபின், ஆய்வு முடியும்வரை பழுதைக் கலைக்கக் கூடாது. நான் கடைப்பிடித்தது அதை.

தொண்டைப் புற்றுக்குச் செய்த அறுவை சிகிச்சையில் மனைவிக்குக் குரல் போயிருந்தது. ராஜா அண்ணாமலைபுரம் வீட்டில், கட்டிலில் சாய்ந்தபடி, தினமும் காலையில் மடிக்கணினியில் மகளைப் பார்ப்பாள். மகள் இருப்பது வெளிநாட்டில். நோய் திரும்பிவிட்டதை மகளிடம் நான் சொல்லக் கூடாது என்று சிலேட்டில் எழுதிக் காட்டினாள். கீழே இன்னொரு வரி: ‘என்னைப் பார்த்தா அவளுக்கே தெரியும்.’

அந்த வாரம்தான் மடிக்கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. மகளின் படமும் குரலும் பழுதில்லாமல் வந்தன. எங்கள் படம் முதல் விநாடி மட்டும் போய், அங்கே உறைந்து நின்றது. மகளைக் கண்டதும் இவள் சிரிக்கும் விநாடி அது. பிறகு வந்த இருமலோ தலையணையில் சரிந்ததோ அந்தப் பக்கம் சேரவில்லை. படம் நின்றுபோனாலும் அம்மா தெளிவாக இருக்கிறாள் என்று போனில் சந்தோஷப்பட்ட மகள், லீவை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தாள். சொல்லக் கூடாது என்ற உத்தரவு இருந்ததால் நான் சொல்லவில்லை.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் என்பது முறை. ரூட்டரைப் படுக்கையறைக்குக் கொண்டுவந்தேன். சேனலை மாற்றினேன். பயனில்லை. கடைசியாக, வைஃபை அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருளை நீக்கி, அதன் பழைய பதிப்பைப் போட்டேன். சோதனைக்கு அனுப்பியதெல்லாம் ஒன்று தவறாமல் போய்ச் சேர்ந்தது. ஆக, குற்றம் அட்டையில் இல்லை, புதிய டிரைவரில். நிரூபித்துவிட்ட திருப்தியோடு புதியதையே மறுபடி போட்டேன். பழுதைச் சரிசெய்துவிட்டுப் புகார் கொடுப்பவனை நாங்கள் மதித்ததில்லை. டிரைவரை எழுதுகிறவர்களுக்கு எல்லாப் பதிவுகளையும் இணைத்துப் புகார் அனுப்பினேன்.

மனைவி சிலேட்டைத் திருப்பினாள்: ‘சரியாச்சா?’

பதில் வந்துவிடும் என்றேன்.

அவளைப் பார்த்துக்கொள்ள சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்துகொண்டிருந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “இன்னா சார் நீ, அம்மா மூச்சு வாங்கிக்கினு கீது, அங்க பாப்பா, அம்மா சிரிக்குதுன்னு நெனச்சிக்கினு கீது. என் போன்ல போட்டுக் காட்டட்டா?”

வேண்டாம் என்றேன். வேறு வழியில் பேசிவிட்டால் பழுது அப்படியே மறக்கப்பட்டுவிடும் என்று விளக்கினேன். அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு வெந்நீர் வைக்கப் போனாள்.

அதன்பின் ஒன்பது காலைகள், ஒன்பது சிரிப்புகள். பத்தாம் நாள் காலையில் மடிக்கணினியைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. மகள் வந்து சேர்ந்தபோது முகத்தைப் பார்க்க ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

என் புகாருக்கு வந்த பதிலை முதலில் படித்தது மகள்தான். பெரிய விளக்கம் எதுவும் இல்லை. குறை தெரிந்ததுதான், திருத்தம் வரும். பழைய டிரைவர் சரியாக வேலை செய்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுவரை அதையே பயன்படுத்தலாமே.

“பழசு வேலை செஞ்சுதாப்பா?” என்று கேட்டாள்.

கூடத்தில் துக்கம் கழிக்கும் சுபத்துக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று பதின்மூன்றாம் நாள்.