நகமா பேத்தியா

போட்டோக்காரரின் வலது கட்டைவிரல் நகத்தைப் பற்றித் தெரியாதவர் அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை. மற்ற விரல்களில் நகம் ஒட்ட வெட்டியிருக்கும். இது ஒன்று மட்டும் ஒற்றைப் பிள்ளைபோலச் செல்லமாக வளர்ந்து நிற்கும். புதிதாகப் பார்ப்பவர்கள், மனிதர் கிட்டார் வாசிப்பவர் போலிருக்கிறது என்று நினைப்பார்கள். அவர் பாட்டை முணுமுணுக்கக் கேட்டதும் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்வார்கள்.

அந்த நகத்துக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். கேமராவின் அடியில் ஒரு தட்டு இருக்கிறது. அந்தத் தட்டுதான் ஸ்டாண்டின் தலையில் போய் உட்காரும். தட்டையும் கேமராவையும் சேர்த்துப் பிடிப்பது ஒரு குட்டித் திருகு. அதன் தலையில் குறுக்கே ஒரு வெட்டு. காசை வைத்துத் திருகிக்கொள்ளட்டும் என்றுதான் செய்தவன் செய்தான். அவன் காலத்துக் காசு மெல்லியது, இப்போதைய காசு தடி. உள்ளேயே நுழையாது. ஸ்க்ரூ டிரைவர் நுழையும், ஆனால் அதன் முனை குறுகல். நீண்ட வெட்டுக்குள் இப்படியும் அப்படியும் ஆடிவிட்டு, வழுக்கிப்போய்க் கேமராவின் வயிற்றில் கோடு போடும். ஆகவே நகம்.

"நகத்தால கிள்ள வேண்டியதுக்குக் கோடாலி எதுக்கு?" என்பார். யாராவது சிரித்துவிட்டால் போதும், நகத்தின் பெருமையை முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவார். கேட்டவர் போட்டோ எடுக்க வந்ததையே மறந்து போவார்.

வீட்டில் அந்த நகத்துக்கு ராஜ உபசாரம். டப்பா மூடி திறக்க மாட்டார், பாத்திரம் தேய்க்க மாட்டார், பெட்டி தூக்க மாட்டார்.

"எனக்கு வாய்ச்சது புருஷன் இல்ல, ஒரு நகம்" என்பாள் மனைவி. "கல்யாணம் ஆன நாள்லேருந்து அதுக்குச் சம்பளம் இல்லாம ஊழியம் பண்றேன்."

இப்படி நகமும் சதையுமாக ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் பேத்தி பிறந்தாள்.

மகள் அடுத்த தெருவில்தான் இருந்தாள். அவர் குழந்தையைப் பார்க்கப் போன முதல் நாளே, நீட்டிய கையை வாசலில் நிறுத்திவிட்டாள்.

"அப்பா, அந்த நகத்தோட என் பொண்ணைத் தூக்கக் கூடாது."

"மடக்கி வெச்சுக்கறேம்மா."

"வெட்டிட்டு வாங்க. தாராளமா தூக்குங்க."

நகத்தில் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு போனார், பலிக்கவில்லை. குளிர்காலக் கையுறை போட்டுக்கொண்டு போனார். குழந்தை அந்தக் கையைப் பார்த்து வீறிட்ட வீறலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரி உள்ளே வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டினாள். மருமகனின் ஆபீஸ் சிநேகிதர்கள் தூக்கினார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள்கூடக் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு நிமிஷம் வாங்கிக் கொஞ்சிவிட்டுப் போனான். பெற்ற மகளின் குழந்தையை எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் இவர் ஒருவர்தான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. ரொம்ப வலித்தது அவருக்கு.

"வெட்டித் தொலைங்களேன்" என்றாள் மனைவி.

"வெட்டிட்டா? அடுத்த வாரம் ஸ்கூல் பிள்ளைங்களை ஒவ்வொருத்தரா நிக்க வெச்சு எடுக்கணும். கேமரா கீழ விழுந்தா பொழப்பே விழுந்துடும்."

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரோடு யார் பேசுவது? ஆனால் அன்றைக்கே அவர் ரகசியமாகத் தேட ஆரம்பித்தார். அந்தத் திருகுக்கு நகத்தை விட்டால் வேறு ஏதாவது இருக்க வேண்டும். இருந்துவிட்டால் நகத்தை வெட்டிவிடலாம்.

சமையலறைக் கத்தியை வைத்துப் பார்த்தார். முனை வளைந்தது, அதைக் கழுவி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு மறுநாள் காலை வசவு வாங்கினார். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் காட்டிய ஸ்க்ரூ டிரைவர் எறும்புக்குப் பல் பிடுங்கத்தான் லாயக்கு. சைக்கிள் கடைக்காரர் ஒரு ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்ததும் கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார்.

கடைசியில் போய் நின்றது ஹார்டுவேர் கடையில், ஸ்டாண்டும் கேமராவுமாக. கடைக்காரம்மா குழாய் வால்வுக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தாள். வந்த ஆளை அனுப்பிவிட்டுத் திரும்பினாள்.

"இப்ப எப்படிண்ணே இறுக்கறீங்க? காட்டுங்க பார்ப்போம்."

காட்டச் சொல்லிவிட்டால் கேட்க வேண்டுமா? கேமராவைக் கவிழ்த்து, நகத்தை வெட்டில் பொருத்தி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு திருகு. ஸ்டாண்டில் மாட்டினார். ஆளை முழு உயரத்துக்கு எடுப்பதுபோலக் கேமராவை நெட்டுவாக்கில் சாய்த்து நிறுத்தினார்.

"எப்படி?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு. இந்தக் கை எதுக்கு?"

அவருடைய இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில் இருந்தது. அது அங்கே இருப்பது அவருக்கே தெரியாது.

"இதுவா? சும்மா, பழக்கம்."

"எடுங்க."

எடுத்தார். கேமரா ஒரு விநாடி யோசித்தது. பிறகு மெல்ல மெல்லத் தலையைத் தொங்கப்போட்டு, அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றது.

கடைக்காரம்மா சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இத்தனை வருஷமா கேமராவைப் பிடிச்சுட்டு நின்னது உங்க நகம் இல்ல. இந்தக் கைதான்."

தலையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினாற்போல ஆகிவிட்டது அவருக்கு. எத்தனை பேரிடம் பெருமை அடித்திருப்பார்! எத்தனை டப்பாக்களை மனைவி திறந்திருப்பாள்! திருகு ஏதோ தொட்டும் தொடாமலும் நின்றிருக்கிறது, கை தாங்கியிருக்கிறது, பேர் மட்டும் நகத்துக்குப் போயிருக்கிறது.

கடைக்காரம்மா ஒரு டப்பாவைக் கவிழ்த்தாள். வாஷர்கள் கலகலவென்று மேஜையில் பரவின. ஒவ்வொன்றாக எடுத்துத் திருகின் வெட்டில் நிறுத்திப் பார்த்தாள். ஒன்று தடிமன். ஒன்று லொடலொட. பெரிய வட்டமாக, மெல்லியதாக ஒரு பித்தளை வாஷர் மட்டும் வெட்டுக்குள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது. வெளியே தெரிந்த அதன் ஓட்டைக்குள் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே நுழைத்து, அதையே கைப்பிடியாக வைத்து அரைச் சுற்று சுற்றினாள். திருகு இறுகியது.

"இப்ப மாட்டிட்டுக் கையை எடுங்க."

அவர் விரல் விரலாகக் கையை எடுத்தார். கேமரா அப்படியே நின்றது. தட்டிப் பார்த்தார், நின்றது. இடது கைக்கு மட்டும் எங்கே போவதென்று தெரியவில்லை. பையில் நுழைத்தார், வெளியே எடுத்தார், மீசையைத் தடவினார். அப்புறம் தானாகவே சிரிப்பு வந்துவிட்டது. அதற்காகவே காத்திருந்த கடைக்காரம்மாவும் வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்த வாஷரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து நகவெட்டியை மனைவியிடம் நீட்டினார். காலமெல்லாம் அந்த நகத்தைத் திட்டித் தீர்த்தவள், விரலைப் பிடித்துக்கொண்டு தயங்கினாள்.

"நல்லா யோசிச்சுட்டீங்களா?"

"நீ வெட்டு. நான் அந்தப் பக்கம் பார்த்துக்கறேன்."

வெட்டினாள். விரல் பார்க்க மொட்டையாக, ஏதோ அடுத்த வீட்டுக்காரர் விரல் மாதிரி இருந்தது.

சாயங்காலம் மகள் வீட்டுக்குப் போனார்கள், கேமராவும் கூடவே போனது. மகள் அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தடவியும் பார்த்தாள். பிறகுதான் குழந்தை கைமாறியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. குழந்தை கொட்டாவி விட்டது.

"மாமா, ஒரு போட்டோ எடுத்துடலாமே" என்றார் மருமகன்.

பழக்க தோஷம், அவர் உடனே குழந்தையைத் திருப்பிக் கொடுக்கப் போனார். மகள் வாங்கவில்லை.

"நீங்களும் இருங்கப்பா. நம்ம வீட்ல எத்தனை போட்டோ இருக்கு, ஒண்ணுலயாவது நீங்க இருக்கீங்களா?"

இல்லைதான். கையை எடுத்தால் கேமரா குனியுமே, எங்கேயிருந்து இருப்பார்? அவர் சொல்லச் சொல்ல மருமகன் ஸ்டாண்டை விரித்து, கேமராவை நெட்டுவாக்கில் நிறுத்தி, டைமரை அமுக்கிவிட்டு ஓடி வந்தார். பின்னால் மகளும் மருமகனும், முன்னால் நாற்காலியில் மனைவியும் அவரும். சிவப்பு விளக்கு மினுக்கியது. கேமரா யார் தயவும் இல்லாமல் நின்றது. பளிச்.

மருமகன் போய்ப் பார்த்தார். எல்லோரும் நன்றாக விழுந்திருந்தார்கள். ஊரில் உள்ள அத்தனை பேரையும் "இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று சொல்லியே எடுத்தவர் மட்டும் குனிந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் தெரிந்தது உச்சந்தலைதான்.

"மாமா, உங்க முகம் விழலையே. நீங்களே வந்து சரியா வெச்சு இன்னொண்ணு எடுங்களேன்."

அவர் நிமிரக்கூட இல்லை.

"அப்புறம் பார்க்கலாம் மாப்பிள்ளை. ரெண்டு கையும் வேலையா இருக்கு."