வெயிலில் வளைந்த கை

ஆறுமுகம் அண்ணன் போனை எடுக்கவில்லை என்று அன்று காலை முழுக்க எனக்கு எரிச்சல். எங்கள் பட்டறைக்கு வெளியூர்ப் பார்வையாளர்கள் வரவிருந்தார்கள். நாங்கள் செய்துகொடுத்த செயற்கைக் கையோடு அவர் வந்து நின்றால் நன்றாக இருக்கும் என்று மேலாளருக்கு ஆசை. "இனாமாக் குடுத்தா இப்படித்தான் சார், மதிப்பே தெரியாது" என்று அவரிடம் சொன்னேன். அந்த வாயை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

நான் மலேசியாவில், ரவாங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மோல்டிங் மெஷின் பார்த்தவள். பிறகு இந்த 3டி பிரிண்டிங் பட்டறைக்கு வந்தேன். இங்கே எங்களுக்குப் படியளப்பது பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக். சோளம், மரவள்ளி, கரும்பு இவற்றின் சர்க்கரையைப் புளிக்கவைத்து லாக்டிக் ஆசிட் எடுப்பார்கள். தயிரில் புளிப்பதும் அதேதான். அந்த ஆசிட்டைச் சங்கிலிபோலக் கோத்தால் பி.எல்.ஏ. கிடைக்கும். அது பிரிண்டரில் சொன்ன பேச்சுக் கேட்கும், நாற்றம் குறைவு, அச்சாகும்போது ஓரம் வளைந்து தூக்காது. உடம்புக்குள் கரைந்துபோகும் தையல் நூலில்கூட இதன் சொந்தக்காரர்கள் உண்டு. எனக்கு அதன்மேல் ஒரு பித்து. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அதன் பெருமையைச் சொல்வேன்.

ஆறுமுகம் கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்து ஆள். ஓர் இயந்திரத்தில் சிக்கி இடக்கையில் கட்டைவிரல் தவிர நான்கு விரல்களையும் இழந்தவர். மணிக்கட்டு நன்றாக இருந்தது. அதை மடக்கினால் நூல் இழுத்து விரல்கள் மூடும்படி ஒரு கை பிரிண்ட் செய்தேன். அவர் நிறத்துக்குப் பொருந்த அடர்பழுப்பு எடுத்தேன். புறங்கைத் தகட்டைச் சுடுதண்ணீரில் முக்கி, இளகியதும் அவர் கையில் துணியைச் சுற்றி அதன்மேல் வைத்து வளைத்தேன்.

"சுடுதண்ணிக்கே வளையுதே தங்கச்சி!" என்றார்.

"அதாண்ணே இதோட அருமையே" என்றேன். அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

செம்பனை நாற்றுப்பண்ணையில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் அவரை வேலைக்கு வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். நாற்றுப் பையின் வாயை ஒரு கையால் விரித்துப் பிடித்து, மறுகையால் மண் நிரப்ப வேண்டும். பட்டறையிலேயே ஆறுமுகம் ஒரு பையைப் பிடித்துக் காட்டினார். "இனிமே வீட்ல உக்காந்து திங்க வேணாம்லா" என்று சிரித்துக்கொண்டே போனார்.

பார்வையாளர்கள் வந்து போனார்கள், அவர் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே போய் ஒரு துண்டை எடுத்து வந்து பிரித்தார். உள்ளே நான் செய்த கை. விரல்கள் பக்கவாட்டில் சாய்ந்திருந்தன. தகடு விரிந்து கிடந்தது.

"மன்னிச்சிரு தங்கச்சி. சாப்பாட்டு நேரத்துல வேர்வை படக்கூடாதுன்னு கழட்டி, துண்டுல சுத்தி மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள்ள வச்சேன். வந்து எடுத்தா இப்படி. பையப் புடிக்க முடியல. மண்டோர் போகச் சொல்லிட்டாரு. எங்கயோ அழுத்தி வச்சிட்டேன் போல."

கறுப்புப் பெட்டி, உச்சி வெயில், அடர்பழுப்புக் கை. பி.எல்.ஏ. அறுபது டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகிவிடும். ஐஸ் தண்ணிக் கோப்பைக்கு ஆகும், சூடான காப்பிக்கு ஆகாது என்று எத்தனையோ கடைக்காரர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன். அவரிடம் மட்டும் சொல்லவில்லை. அவரோ என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

"அண்ணே, தப்பு ஒங்களது இல்ல. வெயில்ல வைக்கக்கூடாத சாமான் இது. அத நான் சொல்லியிருக்கணும், சொல்லல."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அடுப்படிப் பக்கம் திரும்பி மனைவியிடம் கத்தினார்: "ஏய், கேட்டியா? நான் கெடுக்கலையாம்! வெயிலாம்!" பிறகு என்னிடம், "ஒன் மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னுதான் போனையே எடுக்கல" என்றார். இனாமின் மதிப்பு தெரியாதவர் என்று நான் சொன்ன மனிதர் அவர். தலைநிமிர முடியவில்லை.

சூடு தாங்கும் வேறு பிளாஸ்டிக்கில் புதுக் கை செய்தேன். மண்டோரிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். "சரிதான் மேடம். ஆனா ஆள் போட்டாச்சே" என்றார். அந்த இடம் போனது போனதுதான். ஆறுமுகம் இன்னும் வேலை தேடுகிறார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஒரு பொருளைக் கையில் கொடுக்கும்போது அது எதற்கு ஆகாது என்பதை முதலில் சொல்லுங்கள், பெருமையை அப்புறம் பேசலாம். வாங்குகிற எல்லோரும் சண்டைக்கு வரமாட்டார்கள். சிலர் தங்கள் தப்பு என்றே நினைத்து, வெட்கப்பட்டு, வீட்டுக்குள் இருந்துவிடுவார்கள்.