கழுவிய கண்ணாடி

கப்பலூரில் நைட் ஷிப்ட் முடித்து, தூங்காமலேயே திருநகர் மண்டபத்துக்குப் போனேன். பழைய ரேடியோ, டேப் ரெக்கார்டர்களைக் கொண்டுவந்து ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் சந்தை. எனக்கு முதல் தடவை. அம்மாவின் வால்வு ரேடியோவைக் கொடுத்துவிட்டு ஒரு ரெக்கார்டு பிளேயர் எடுக்க ஆசை. "இனிமே யாரு கேக்கப் போறா, கொண்டு போ" என்று அம்மாவும் சொல்லியிருந்தாள்.

பளிச்சென்று இருக்கட்டுமே என்று முந்தின நாளே ரேடியோவின் முன்கண்ணாடியைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவியிருந்தேன். மேலூர்க்காரர் ஒருவர் குனிந்து பார்த்தார்.

"ஸ்டேஷன் பேரெல்லாம் உள்பக்கம் அச்சடிச்சிருப்பாங்கண்ணே. தண்ணி பட்டதும் போயிருச்சு பாருங்க. இத யாரு எடுப்பா?"

மதியம் வரை யாரும் எடுக்கவில்லை. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, கண் சொக்கச் சொக்க வீடு வந்தேன்.

"எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சும்மா" என்றேன்.

அம்மா சுவிட்சைப் போட்டுக் குமிழைத் திருகினாள். கண்ணாடியின் வெளிப்பக்கம் சிவப்பாக ஒரு நெயில் பாலிஷ் புள்ளி. முள் அங்கே வந்ததும் செய்தி கேட்டது.

"எனக்கு என்னைக்குடா எழுத்து தெரிஞ்சது?" என்றாள்.

இத்தனை வருஷம் அவள் எப்படி ஸ்டேஷன் பிடித்தாள் என்று நான் யோசித்ததே இல்லை. கழுவும்போது அழுக்கென்று நினைத்து, நான் சுரண்டிச் சுரண்டியும் போகாத புள்ளி அது.