சுயம்புலிங்கம் போட்ட காலண்டர்

சுயம்புலிங்கத்துக்கு ரத்தக் கொதிப்பு இல்லை, சர்க்கரை இல்லை. இருந்த ஒரே சீக்கு காளிராஜ்.

காளிராஜ் வேறு யாரும் இல்லை, தங்கச்சி சண்முகத்தாயைக் கட்டிய மாப்பிள்ளைதான். கல்யாணம் முடிந்த கையோடு ராஜபாளையத்தில் சுயம்புலிங்கத்தின் உரக்கடையிலேயே மூன்று வருசம் மூட்டை இறக்கி, பூச்சிமருந்து விற்று, தொழில் படித்துக்கொண்டார். எண்பத்தி நாலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாக ஒரு உரக்கடை திறந்தார். குத்துவிளக்கு ஏற்றியதே சுயம்புலிங்கம்தான். ஏற்றிவிட்டு வெளியே வந்து போர்டை அண்ணாந்து பார்த்தார். தன் கடை போர்டைவிட ரெண்டு முழம் நீளம். அன்றைக்குப் பிடித்தது எரிச்சல்.

சும்மா எரிச்சலாகவே போயிருக்கும். நடுவில் வன்னியம்பட்டி கிடந்ததுதான் வினை. நல்ல வெள்ளாமை உள்ள ஊர். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கம் என்றாலும் அந்த ஊர்ப் பெரிய சம்சாரி சீனிச்சாமி பல வருசமாகச் சுயம்புலிங்கத்திடம்தான் உரம் எடுப்பார். சீனிச்சாமி எந்தக் கடை வாசலில் டிராக்டரை நிறுத்துகிறாரோ, அங்கேதான் மொத்த ஊரும் நிறுத்தும். காளிராஜ் கடை வந்த பிறகு அந்த டிராக்டர் நாலு தடவைக்கு ஒரு தடவை அங்கேயும் நின்றது. மற்ற ஊர் எது போனாலும் போகட்டும், வன்னியம்பட்டி போகக்கூடாது. காலையில் பல் விளக்கும்போதே சுயம்புலிங்கத்துக்கு இதே நினைப்பு.

எதை வைத்துப் பிடிப்பது? யூரியா எல்லாக் கடையிலும் ஒரே யூரியாதான். இனாமாகக் கொடுக்கிற சாமானில்தான் ஆளை அமுக்கவேண்டும். ஒரு வருசம் மஞ்சப்பை கொடுத்தார். காளிராஜ் ஜிப் வைத்த ரெக்சின் பை கொடுத்தார். மறுவருசம் சுயம்புலிங்கம் துண்டு கொடுத்தார், கடைப்பேர் அச்சடித்து. "அடுத்தவன் பேரை நான் தலையில கட்டவா?" என்று சம்சாரிகள் அதை மாடு துடைக்கப் போட்டுவிட்டார்கள். அந்த வருசம் காளிராஜ் கொடுத்தது வெற்றிலைப் பெட்டி. மூடியில் பேர். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறப்பான் மனுசன். பத்துத் தடவையும் காளிராஜ்.

ஆடிப் பதினெட்டு கழிந்ததும் சிவகாசிக் காலண்டர் ஏஜெண்ட் சமுத்திரம் படங்கள் அடங்கிய ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வருவார். எண்பத்தெட்டில் வந்தபோது சுயம்புலிங்கம் ஆல்பத்தைத் தொடவே இல்லை.

"எம் மாப்பிள்ளை எதை எடுத்திருக்காரு? அதைச் சொல்லும் முதல்ல."

"ஒரு கடைச் சேதியை இன்னொரு கடையில சொல்லுறது தொழிலுக்கு ஆகாது அண்ணாச்சி."

"ஏட்டி பரிபூரணம்! இவருக்குக் காப்பி வேண்டாமாம்" என்று அடுப்படியில் இருந்த சம்சாரத்துக்குக் குரல் கொடுத்தார் சுயம்புலிங்கம்.

"சொல்லுதேன், சொல்லுதேன். குண்டுப் பிள்ளை ஒண்ணு பந்து வச்சுக்கிட்டு இருக்கிற படம். தேதியும் ராகுகாலமும் மட்டும் கொட்டை எழுத்து."

சுயம்புலிங்கம் தொடையைத் தட்டிச் சிரித்தார். "குண்டுப் பிள்ளையா! அவன் ஊரு ஆண்டாளை நான் எடுக்கேன்யா." ஆல்பத்திலேயே பெரிய படம். கையில் கிளியோடு ஆண்டாள், சுத்தி ஜிகினா, அடியில் 'உரம், பூச்சிமருந்து' என்று கடைப்பேர்.

காலண்டருக்குக் கடை வாசலில் கூட்டம் தள்ளியது. தை மாதம் சீனிச்சாமி வீட்டுக் காதுகுத்துக்கு வன்னியம்பட்டி போனார். உள்ளே நுழைந்ததும் நேர் எதிரே அவருடைய ஆண்டாள், கண்ணாடிச் சட்டத்துக்குள்ளே, மேலே சிவப்பு பல்பு எரிய. நெஞ்சு நிமிர்ந்தது. கிட்டே போய்ப் பார்த்தார். ஆண்டாள் இருந்தாள், கிளி இருந்தது, அடியில் இருந்த பேரைக் காணோம். பக்கத்து ஆணியில் பந்தோடு குண்டுப் பிள்ளை ஆடிக்கொண்டிருந்தது.

"மதினி, இதுல அடியில பேரு இருந்துச்சே?"

சீனிச்சாமி சம்சாரம் மாடத்தி சட்டியை இறக்கி வைத்தபடியே சொன்னாள். "கத்தரிச்சுட்டுல்லா சட்டம் போட்டோம் அண்ணாச்சி. சாமி காலடியில பூச்சிமருந்துன்னு இருந்தா நல்லாவா இருக்கு?"

ஊரில் ஏழெட்டு வீடு எட்டிப் பார்த்தார். எல்லா வீட்டிலும் அதே கத்தரி. தேதி பார்க்க எல்லா வீட்டிலும் குண்டுப் பிள்ளை. வீட்டுக்கு வந்து பார்த்தால் அடுப்படிச் சுவரிலும் குண்டுப் பிள்ளை.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"உங்க தங்கச்சி குடுத்துவிட்டா. ராகுகாலம் கண்ணாடி போடாமத் தெரியுதுங்க" என்றாள் பரிபூரணம்.

அன்றைக்கு மனுசன் சோறு தின்னவில்லை.

அடுத்த ஆடியில் சமுத்திரத்திடம் கறாராகச் சொன்னார். "எவனும் சட்டம் போட்டு மாட்டாத படமா ஒண்ணு வேணும்."

"அப்ப உங்க போட்டோவைத்தான் போடணும்" என்று சமுத்திரம் விளையாட்டாகச் சொன்னார். சுயம்புலிங்கம் சிரிக்கவில்லை. மறுநாளே பட்டுச் சட்டை மாட்டி, மீசைக்கு எண்ணெய் தடவி, ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்துவிட்டார்.

தொண்ணூறாம் வருசக் காலண்டர் வந்தது. மேலே சுயம்புலிங்கம், அவருக்குக் கீழே பேர், அதற்கும் கீழே கொட்டை எழுத்தில் தேதி. யாரும் கத்தரிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டும் ஒன்றுகூடப் போகக்கூடாது என்று உத்தரவு. முதல் ரெண்டு மாசம் வன்னியம்பட்டி டிராக்டர் ராஜபாளையத்துக்கு ஒழுங்காக வந்தது. அவருக்கு அப்போதுதான் தின்றது செரித்தது.

மாசிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. மாடத்தி ஆண்டாளுக்கு மல்லிகைச் சரம் போட்டாள். சரம் நீளம். மிச்சத்தை அறுக்க மனசில்லாமல் பக்கத்து ஆணியில் இழுத்து மாட்டினாள். பக்கத்து ஆணியில் சுயம்புலிங்கம்.

பால் எடுக்க வந்த ஸ்ரீவில்லிபுத்தூர் சிவனாண்டி வாசலில் நின்றபடி அதைப் பார்த்தான். படம். மேலே பூ. கீழே பேர், தேதி. எவன் பார்த்தாலும் என்ன நினைப்பான்? அவனும் அதைத்தான் நினைத்தான். யாரிடமும் கேட்கவில்லை. கேனைத் தூக்கி சைக்கிளில் வைத்து மிதித்து, நேரே காளிராஜ் கடையில் போய் இறங்கினான்.

"என்ன முதலாளி, கடையைத் திறந்து வச்சிருக்கீய? உங்க மச்சான் படத்துக்குப் பூப் போட்டாச்சே, தெரியாதா?"

காளிராஜ் அப்படியே சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். போன் லைன் கிடைக்கவில்லை. 'நம்மளைக் கண்டா அவருக்கு ஆகாதுல்லா, அதான் சொல்லிவிடலை' என்று அவராகவே நினைத்து அழுதார். அந்தத் தடவை உரம் ஏற்ற அங்கே வந்திருந்த சீனிச்சாமியும் துண்டை வாயில் பொத்திக்கொண்டார். இந்தச் சாவு தன் வீட்டுச் சுவரிலிருந்துதான் கிளம்பியது என்று அவருக்கு எப்படித் தெரியும்? பாதி ஏற்றிய மூட்டையை இறக்கிப் போட்டு, ஆட்களையும் ஏற்றிக்கொண்டு காளிராஜின் வாடகைக் காருக்குப் பின்னாலேயே டிராக்டரை விட்டார்.

சுயம்புலிங்கம் கடையில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். கார் நிற்குமுன்னே கதவைத் திறந்துகொண்டு சண்முகத்தாய் தலைமயிரை அவிழ்த்துப் போட்டபடி இறங்கினாள். "எங்கண்ணே! என் தாய்வீட்டுத் தூணே!"

"ஏட்டி, யாரு செத்தா?" என்று எழுந்து வந்தார் சுயம்புலிங்கம்.

சண்முகத்தாய் மயங்கி விழப் பார்த்தாள். காளிராஜ் ஓடிவந்து மச்சானை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதார். "இருக்கீயளா மச்சான்... இருக்கீயளா..."

சுயம்புலிங்கத்தின் கண் அவர் தோளுக்கு மேலே காரில் இருந்தது. டிக்கியிலிருந்து ஒரு ரோசாப்பூ மாலை தொங்கியது. ஆள் உயரம். 'நான் செத்தாக்கூட இவனுக்கு இம்புட்டுப் பெரிய மாலை போடத் தோணுது. இவன் செத்தா நான் இதைவிடப் பெருசா எங்க போய்ப் பிடிக்க?' என்று ஓடியது புத்தி.

டிராக்டரில் கூடவே வந்திருந்த சிவனாண்டியைக் கேட்டு, அவன் பார்த்தது சீனிச்சாமி வீட்டுக் காலண்டரைத்தான் என்று தெரிந்துகொள்ளச் செத்த நேரம் ஆயிற்று. தெரு முழுக்கச் சிரிப்பு. சுயம்புலிங்கமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே காலி டிராக்டரைக் கவனித்தார்.

"வந்தது வந்தீய அண்ணாச்சி, மூட்டையை ஏத்திக்கிட்டுப் போங்க. சரக்கு இருக்கு."

சீனிச்சாமி மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த காளிராஜைப் பார்த்தார். பொறவு சுயம்புலிங்கத்தைப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீய. வியாபார நேரத்துல கடையை அடைச்சுப் போட்டு, செருப்புக்கூடப் போடாம ஓடியாந்திருக்கு அந்த மனுசன். இனி நாங்க எடுத்தா அவருகிட்ட எடுக்கிறதுதான் ஞாயம். ஊருக்கும் சொல்லிருதேன்."

டிராக்டர் காலியாகவே திரும்பியது. சொன்னால் சொன்னதுதான் சீனிச்சாமி. அந்தச் சித்திரைக்கு வன்னியம்பட்டியிலிருந்து ஒரு சாக்கு எடுக்கக்கூட ராஜபாளையத்துக்கு ஆள் வரவில்லை.

பரிபூரணம் தேற்றிப் பார்த்தாள். "போகட்டும் விடுங்க. உசுரோட இருக்கீகளே, அது போதாதா?"

"எங்க போதும்?" என்றார் சுயம்புலிங்கம். "செத்தது நானு. பேரு வாங்கினது அவன்."