சந்தனம் பூசிய கேன்கள்

சந்தன வாசனையோடு, மை கரைக்கும் தின்னர் நெடி கலந்தால் இன்றும் எனக்கு ஆகாது. ஆயுத பூசைக் காலத்தில் ஜாலான் புசார் சாலையில் நடந்தால், ஏதாவதொரு கடையிலிருந்து அந்தக் கலவை வந்து சட்டையைப் பிடிக்கும். கால்கள் தாமாக வேகம் எடுக்கும்.

அங்கேதான் நான் வேலை பார்த்த அச்சுக்கடை இருந்தது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை வழியாக மையைத் தேய்த்து டி-சட்டைகளில் படம் அடிப்போம். எழுத்தை வரைவது என் வேலை. அச்சடித்து முடித்த வலைச் சட்டங்களைக் கழுவுவது மார்சிலிங்கிலிருந்து வரும் அக்காவின் வேலை. அவருக்கு இரண்டு வெள்ளைக் கேன்கள். ஒன்று மையைக் கழுவும், சாதுவானது. மற்றது வலையில் ஒட்டிய படத்தையே அரித்து எடுக்கும். கண்ணில் பட்டால் கண் போகும் என்று அதன் லேபிள் படம் போட்டு மிரட்டியது. அதைத் தொடும்போது மட்டும் அக்கா பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்வார்.

பூசைக்காகக் கடையைக் கழுவியபோது, மை வழிந்த லேபிள்கள் சாமிக்கு ஆகாது என்று முதலாளி எல்லாவற்றையும் சுரண்டச் சொன்னார். கேன்கள் பளிச்சென்று நின்றன, நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம். எல்லாம் ஒரே முகம். எது எதென்று எழுதி ஒட்டிவிடலாமே என்று அக்கா கேட்டார்.

"மூக்கு எதுக்கு இருக்கு? மோந்து பாத்தா தெரியப் போவுது," என்றார் முதலாளி. "இத்தன வருஷமா அத வச்சுதானே கழுவுறீங்க லா."

அக்காவும் சிரித்துவிட்டார்.

மறுநாள் விஜயதசமி. தொட்டது துலங்கும் நாள். கடையில் சந்தனமும் சாம்பிராணியும் தவிர வேறெதுவும் மணக்கவில்லை. அக்கா கேனை முகர்ந்து பார்த்தார். தலையாட்டிக்கொண்டார். கண்ணாடி ஆணியில் தொங்கியபடியே இருக்க, சட்டத்தில் ஊற்றித் தேய்த்தார். பிரஷிலிருந்து கண்ணில் தெறித்தது.

அவர் தலையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆம்புலன்சுக்குப் பேசியபோது, என்ன திரவம் என்று கேட்டார்கள். போனை முதலாளி கையில் கொடுத்தேன். அவர் கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாப் பக்கமும் வெள்ளை.

உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி, கேனோடு வந்த பாதுகாப்புத் தாள் எங்கே என்றேன்.

"உட்லண்ட்ஸ்ல என் வீட்டுல இருக்கு," என்றார் தாழ்ந்த குரலில். "பத்திரமா."

ஒரு கண்ணில் வெறும் வெளிச்சம்தான் மிஞ்சியது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அக்கா அந்தக் கடைக்குத் திரும்பவில்லை, நான் அவரைப் பார்க்கவுமில்லை. அன்று வண்டியில் ஏற்றும்போது, கட்டுப்போட்ட முகத்தோடு காற்றில் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் விரலில் சந்தனம் காய்ந்திருந்தது.

"தம்பி, அது எந்த கேன்னு மொதலாளிகிட்ட கேட்டுச் சொல்லுப்பா. அங்க டாக்டர் கேப்பாரு. எனக்குச் சொல்லத் தெரியாது."